மூணாவது செக்கிங்

ஏன் தாயி, இது திருச்சி போற பஸ்தான?

போர்டு போட்டிருக்கு, நானும் படிச்சேன். கண்டக்டர்கிட்ட கேட்டேன், ஆமான்னாரு. டிரைவர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் ஏறுனேன். இருந்தாலும் ஏறி உக்காந்திருக்க ஆளுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறது நல்லது பாரு. நீயும் திருச்சிதான? அப்ப சரி. மூணு பேரு ஒண்ணுபோல சொன்னா அது நிசம். சன்னல் ஓரத்துக்கு நீயே போய்க்க, எனக்குக் காத்து ஆகாது.

மதுரையில படிக்கிறியா, வேலையா? வேலையா. சரி சரி. நான் சிவகாசி. தினசரி காலண்டர் அடிக்கிற ஆபீஸ்ல செக்கிங்ல இருக்கேன், இருபத்திரெண்டு வருசமா. செக்கிங் சொர்ணம்னு கேட்டா எங்க தெருவுல சின்னப் பிள்ளையும் வீட்டக் காட்டும். உங்க வீட்ல காலண்டர் மாட்டியிருப்பீகல்ல, தாளக் கிழிச்சா ராகு காலம், எமகண்டம், திதின்னு இருக்குமே, அது ஒவ்வொண்ணும் மூணு கை பாத்துத்தான் அச்சுக்குப் போகும். மொத ஆளு பாப்பா, ரெண்டாவது ஆளு பாப்பா, மூணாவது நானு. ஒருத்தி பாத்ததுல என்ன தப்பு இருந்துச்சுன்னு அடுத்தவளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னா கண்ணு சோம்பேறியாயிரும். நாங்க ஒரு அமாவாசைய மாத்தி விட்டோம்னு வையி, ஊர்ப்பட்ட வீட்ல தப்பான நாள்ல விரதம் இருப்பாக.

எங்க மொதலாளி இருக்காரே, அவரு இன்னொரு வேல செய்வாரு. வேணும்னே ஒரு தாள்ல ஒரு தப்ப வச்சு அனுப்புவாரு. செவ்வாக்கிழம ராகு காலத்தத் தூக்கி புதன்ல போட்டுருவாரு. நாம முழிச்சிருக்கமா தூங்குறமான்னு பாக்க. இத்தன வருசத்துல அவரு வச்ச தப்புல ஒண்ணு கூட என் கண்ணுக்குத் தப்புனதில்ல. பெருமைக்குச் சொல்லல.

இப்ப எதுக்குத் திருச்சிக்குப் போறேன்னு கேக்க மாட்டேங்குற. நல்ல பிள்ளதான். மக வீட்டுக்குப் போறேன். ஒரே மக, கௌசல்யா, கௌசின்னு கூப்பிடுவோம். மாப்ள ரயில்வேல இருக்காரு. கௌசிக்கு இது ஏழாம் மாசம். நாங்க வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வரணும். தலப்பிரசவம் தாய்வீட்லதான, எங்க சனத்துல அதுதான் வழக்கம். இன்னும் பத்து நாள்ல மார்கழி பெறந்துரும், மார்கழியில வளைகாப்பு ஆகாது. தையின்னா ஒம்பதாம் மாசம் ஆயிரும், அப்புறம் எங்க பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டு வர? இந்தப் பத்து நாள விட்டா விட்டதுதான். இதெல்லாம் எனக்குக் காலண்டர் பாக்காமலே தெரியும்.

ஆனா எங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாருன்னா, வளைகாப்பு வேணாமாம், பிரசவமும் திருச்சியிலயே ஆகட்டுமாம், கௌசி படுக்கையவிட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். யாரு சொன்னதுன்னு கேட்டா, கௌசிதான் சொன்னாங்குறாரு. எப்பப் பேசுனீகன்னா காலையிலங்குறாரு. என்னென்ன பேசுனீகன்னா, "நல்லாருக்கா." அவ்வளவுதான். அரமணி நேரம் மோட்டார் ரூம் பக்கம் நின்னு பேசிட்டு வந்து எனக்கு ஒத்த வார்த்த. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறாரு.

நானும் போன் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவ போட்டேன். அவ எடுக்குறதில்ல. எம் பிள்ளை குரலக் கேட்டு அம்பது நாளாச்சு தாயி. சோறு எறங்கல எனக்கு. நம்ம வயித்துல பெறந்தது, அது வயித்துல ஒண்ணு இருக்குறப்ப நம்மகிட்டப் பேச மாட்டேங்குதுன்னா யாருக்குத்தான் தாங்கும்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. நான் யாருகிட்டயும் சண்ட போடுற ஆளில்ல. கேட்டுக்குவேன், அவ்வளவுதான். கண்ணால பாக்குறதும் பொய், காதால கேக்குறதும் பொய், தீர விசாரிக்கிறதே மெய்யின்னு நம்ம பெரியவுக சும்மாவா சொல்லி வச்சாக?

கல்யாணம் முடிஞ்சு போன புதுசுல தெனமும் ராத்திரி எட்டு மணிக்குப் பேசுவா. நல்லாத்தான் பேசுவா. என்ன சாப்பிட்டன்னு கேட்டா தயிர்சோறும்பா. நான் வச்சிட்டு மாப்ளைக்குப் போடுவேன். கௌசி என்ன சாப்பிட்டான்னு கேப்பேன். தோசன்னுவாரு. அப்புறம் கீழ் வீட்ல எஸ்தர் டீச்சர்னு ஒரு அம்மா, கல்யாணத்துக்கு வந்தப்பவே நம்பர் வாங்கி வச்சுக்கிட்டேன், அதுக்குப் போடுவேன். அந்தம்மா, மேல பூரி போட்ட வாசன வந்துச்சுன்னு சொல்லும். இப்ப நீயே சொல்லு. ஒரு வீடு, ஒரு ராத்திரி, தயிர்சோறு, தோச, பூரி. இதுல எது நிசம்? மறுநா கௌசிகிட்டக் கேட்டா, "மூணும்தாம்மா, அவரு தோச, நான் சோறு, கொழுந்தனாரு வந்தாரு, அவருக்குப் பூரி"ங்குறா. சரிதான், இருக்கலாம். ஆனா மொதல்லயே மூணையும் சொல்ல வேண்டியதுதான? நான் தோண்டுனதுக்கு அப்புறம்தான வருது.

ஒருநா சொன்னா, "அம்மா, நீ எங்கிட்டக் கேக்குறது பதிலுக்கா, இல்ல சரிபாக்கவா"ன்னு. நான் சிரிச்சிட்டேன். பதில சரிபாக்காம என்ன செய்ய, பொட்டியில வச்சுப் பூட்டவா?

அதுலருந்து அவ பேச்சுக் கொறஞ்சுச்சு. அம்பத்தாறு வயசு எனக்கு, இதெல்லாம் புரியாதா? பேச்சுக் கொறஞ்சா எங்கயோ கூடுதுன்னு அர்த்தம். குழாயில தண்ணி வரலைன்னா தண்ணி இல்லைன்னு அர்த்தமில்ல, எவனோ நடுவுல இழுக்குறான்னு அர்த்தம். யாரு இழுக்குறான்னு எனக்கு ஆடி மாசம் தெரிஞ்சுபோச்சு.

ஆடியில எங்களுக்கு வேல நெருக்கம். உள்ள நொழைஞ்சா செல்போன வாசல்ல இருக்குற பெட்டியில போட்டுப் பூட்டிருவாக. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரமணி நேரம் கையில குடுப்பாக, அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். கவனம் செதறக் கூடாதுல்ல. ஒருநா ஆறரைக்கு வீட்டுக்கு வாரேன், எங்க வீட்டுக்காரரு பாயாசம் வச்சு வச்சிருக்காரு. இருபத்தெட்டு வருசத்துல அந்த மனுசன் அடுப்படிப் பக்கம் போனதில்ல. என்னன்னா, கௌசி உண்டாயிருக்காளாம். காலையில பதினோரு மணிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாளாம். எனக்குத் தெரியுறது ஆறரைக்கு. ஏழரை மணி நேரம் எம் மக உண்டாயிருக்கான்னு எனக்குத் தெரியாம நான் எவன் வீட்டுக்கோ பிரதோசம் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆமா, எனக்கும் போட்டிருந்தா. நாலு மிஸ்டு கால் கெடந்துச்சு, அன்னைக்கு வேல நெருக்கத்துல மத்தியானமும் நான் போன வாங்கல, சாயங்காலமும் பாக்காமப் பையில போட்டுட்டு வந்துட்டேன். எடுக்கலைன்னா காத்திருந்து மொதல்ல எனக்குல்ல சொல்லணும்? அவரு குடுத்த பாயாசத்த நான் தொடல. அவரும் குடிக்கல, காலையில கொட்டிட்டோம்.

அதுக்கப்புறம் கவனிச்சேன். அவருக்கு எல்லாம் தெரியுது. கௌசிக்கு விளாம்பழம் கேக்குதுன்னு அவருக்குத் தெரியுது. இடது காலு மரத்துப்போகுதுன்னு தெரியுது. எங்கிட்டப் பேசுறப்ப அவ அதச் சொல்லவே இல்ல. எப்படித் தெரியும்னு கேட்டா, "சொன்னா, கேட்டுக்கிட்டேன்"ங்குறாரு. சொன்னா கேட்டுக்கிட்டாராம். அம்புட்டு லேசா? நான் வேலைக்குப் போன பெறகு ரெண்டு பேரும் தெனமும் பேசிக்கிறாங்கன்னு எனக்குப் பட்டுச்சு. பட்டா போதுமா? செக்கிங் பண்ணணும்ல.

புரட்டாசி கடேசி. ஒரு புதன்கிழம. நான் என்ன செஞ்சேன்னா, மொதலாளி செய்யிற அதே வேலதான், ஒரு தப்ப உள்ள வச்சு விட்டேன்.

காலையில கெளம்பையில அவரு போன எடுத்து அமத்தி என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். எங்கயோ மறந்து வச்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டு மில்லுக்குப் போயிட்டாரு மனுசன். மத்தியானம் பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு பெல்லு. பெட்டியிலருந்து போன வாங்கி கௌசிக்குப் போட்டேன். உங்கப்பாவுக்குக் காலையில பத்து மணிக்கு நெஞ்சு வலி வந்துருச்சு, ஆசுபத்திரியில வச்சிருக்குன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குற? கேளு முழுசா. இவுக பதினோரு மணிக்குப் பேசுறவுகன்னு வையி. அன்னைக்கு அவரு போனு எங்கிட்ட, இவ போட்டு அவரு குரலக் கேட்டுறக் கூடாதுன்னு எடுத்தது, ஆனா மில்லு ஆபீஸ் போன் இருக்குல்ல, அதுலருந்து கூப்பிட்டிருப்பாருல்ல. அப்ப இவ என்ன சொல்லணும்? "என்னம்மா சொல்ற, இப்பதான அப்பாகிட்டப் பேசுனேன்"னு வாய் தவறி வரணும். வந்தா மாட்டுனா. வரலைன்னா அவ சுத்தம். எவ்வளவு சுளுவான செக்கிங் பாரு.

அவ அப்படிச் சொல்லல. "அப்பா"ன்னா, அவ்வளவுதான். அப்புறம் ஒரே அழுக. எனக்கு அந்த நிமிசம் உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு தாயி, மறைக்காமச் சொல்றேன். எம் மக எங்கிட்ட எதையும் மறைக்கலன்னு ஒரு சந்தோசம். சும்மா சொன்னேன்டின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், அதுக்குள்ள அவ வச்சிட்டா. திருப்பிப் போட்டா பிசி, பிசி, பிசி. அவ அவுக அப்பா நம்பருக்குப் போட்டுக்கிட்டே இருந்திருக்கா, அது என் பைக்குள்ள அமந்து கெடக்கு. பெல்லு அடிச்சிட்டாக. போனப் பெட்டியில போட்டுட்டு உள்ள போயிட்டேன்.

வாங்கியிருக்கலாம், அவசரம்னு சொல்லி. எங்க சூப்ரவைசர் என்ன அவசரம்னு கேப்பாளே. என்னத்தச் சொல்றது? மகளுக்குப் பொய் சொல்லியிருக்கேன், அத எடுத்துவிடணும்னு சொல்ல முடியுமா? ஆறு மணிக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அன்னைக்கும் ரெண்டு தப்பு பிடிச்சேன்.

ஆறு மணிக்குப் பெட்டியத் தொறந்து பாத்தா நாப்பத்தோரு மிஸ்டு கால்.

வீட்டுக்கு ஓடுனா, வாசல்ல எங்க வீட்டுக்காரரு மில்லு உடுப்போட நின்னு சைக்கிளத் தொடச்சுக்கிட்டு இருக்காரு. தெருமுக்குல ஆட்டோவிலருந்து எறங்கி வாரா எம் மக. மாப்ள டூட்டியில இருந்திருக்காரு, அவருக்குக் காத்திருக்காம ஒத்தையா பஸ் ஏறியிருக்கா. அஞ்சு மணி நேரம், கடேசி சீட்டு, ரோடு வேற அங்கங்க தோண்டிப் போட்டிருந்தாக. கிட்ட வந்து அவுக அப்பாவ ஏற எறங்கப் பாத்தா. அவரு, "என்னத்தா, சொல்லாம கொள்ளாம வந்திருக்க"ன்னு சிரிக்கிறாரு. இவ அப்படியே தரையில உக்காந்துட்டா. என்னைப் பாத்தா. கேக்கவே இல்ல. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

அப்புறம் வயித்த வலிச்சு, லேசா ரத்தம் பட்டு, ஆசுபத்திரியில மூணு நாளு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சாமி புண்ணியம். நாலாம் நாளு மாப்ள கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொன்னது அப்பத்தான். நானும் காதால கேட்டேன். ஆனா அது அப்பச் சொன்னது. அம்பது நாளாவா ஒரு ஆளு படுத்தே கெடக்கும்?

கெளம்பும்போது நான் சொன்னேன் அவகிட்ட. "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுபோச்சு கௌசி, நீ எங்கிட்ட எதையும் மறைக்கல"ன்னேன். ஒரு தாயி பெருமையாச் சொல்றா. அவ கார் கண்ணாடிய ஏத்திக்கிட்டா.

இப்பத்தான் அப்பாவும் மகளும் நெசமாவே பேசிக்கிறாக. தெனமும். மோட்டார் ரூம் பக்கம் போயி, முதுகக் காட்டிக்கிட்டு. அப்ப நான் நெனச்சது சரியாப் போச்சா இல்லையா? ரெண்டு மாசம் முன்னாடியே நான் சொன்னேன்ல. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னா, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி, போ புள்ள"ங்குறாரு. அவருக்கு எம் மேல கோவம்கூட இல்ல பாத்துக்க. அதுவே எனக்குச் சந்தேகமா இருக்கு. கோவப்படாத மனுசன் எதையோ மறைக்கிறான்.

இன்னைக்குக்கூட அவருகிட்ட விருதுநகர்ல ஒரு சாவு, துட்டி கேக்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். நெசத்தச் சொன்னா உடனே அங்கிட்டுப் போன் போயிரும். இவ போயிப் படுத்துக்குவா. சொல்லாமப் போயி நிக்கணும், அப்பத்தான் உள்ளது உள்ளபடி தெரியும். எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருந்தான்னு வையி, அன்னைக்கே கையோட கூட்டிட்டு வந்துருவேன். வளையல் வாங்கியாச்சு. எட்டு டஜன். மேல ரேக்குல இருக்கு.

மேலூர் தாண்டியாச்சா? அதுக்குள்ளயா.

தாயி, உன் போன்ல சார்ஜ் இருக்கா? எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. ஒரு நம்பர் சொல்றேன், அதுக்குப் போடு. என் நம்பர்னா எடுக்க மாட்டா, உன் நம்பர் தெரியாதுல்ல. கூரியர்லருந்து பேசுறேன்னு சொல்லு. ஒரு பார்சல் இருக்கு, மாடி ஏற முடியாது, கீழ எறங்கி வந்து வாங்கிக்கிறீங்களான்னு கேளு. வாரேன்னா, நடக்குறா. படுக்கை கிடுக்கையெல்லாம் பொய். முடியாதுன்னா நிசம். அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு? யாருக்கு என்ன நட்டம்?

அன்னைக்கு மாதிரி இல்லடி இது. அன்னைக்குச் சொன்னது நெஞ்சு வலி. இது வெறும் பார்சல்.

போடுறியா. நீ நல்லாருப்ப. ஒம்பது, நாலு, நாலு... ஆங், போட்டாச்சா. ரிங்கு போகுதா? காதுல வச்சுக்க, ஸ்பீக்கர் வேணாம், என் மூச்சுச் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருவா. எடுத்துட்டாளா? சொல்லு, சொல்லு.

நல்லாச் சொன்ன. என்னங்குறா?

என்னவாம்? ஏன் முழிக்கிற? இந்த ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, மெதுவா எங்காதுல சொல்லு.

"அக்கா, பஸ் சத்தம் கேக்குது, எங்கம்மா உங்க பக்கத்துல இருக்காங்களா"ன்னா?

இல்லைன்னு சொல்லு. இல்லைன்னு சொல்லு தாயி.

சொல்லிட்டியா? அதுக்கு என்னங்குறா? "பரவால்ல, இருந்தா குடுங்க"ங்குறாளா. கோவமாவா சொல்றா? இல்லையா? அழுகுறாளா? அழுகவும் இல்லையா. பின்ன எப்படிச் சொல்றா? சாதாரணமாவா.

இன்னும் பேசுறாளா? என்ன, என்ன?

"என்ன தெரியணுமோ என்கிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க அக்கா, எது கேட்டாலும் நெசத்தச் சொல்றேன். எப்படி இருக்கன்னு மட்டும் கேட்டாலும் போதும், நாளைக்கே வரணும்னாலும் மெதுவா கார்ல வர்றேன்"னா? அப்படியேவா சொன்னா? நீயா ஒண்ணும் சேக்கலையே? வர்றேன்னா சொன்னா?

குடு. குடு இங்க.

கௌசி.

யாருடி உனக்குச் சொன்னா, நான் பஸ்ல வாரேன்னு? உங்கப்பனா?

அலோ. அலோ. கௌசி. அலோ.

இந்தா தாயி. கட்டாயிருச்சு.

எப்படி இருக்கன்னு கேக்கத்தான் வாங்குனேன். நீ பாத்தல்ல, அதுக்குத்தான் வாங்குனேன். அம்பது நாளு கழிச்சு அவ மூச்சு விடுறது கேட்டுச்சு. கேக்கத்தான் வாயத் தொறந்தேன். வாயில அதுதான் வந்துச்சு. நான் என்ன செய்ய.

அவ வச்சிருக்க மாட்டா. நேரா கேளுன்னு சொன்னவ எப்படி வைப்பா? இது கொட்டாம்பட்டிப் பக்கம், இந்த எடத்துல டவர் கெடையாது. எப்பவுமே இப்படித்தான், பேசிக்கிட்டு இருக்கும்போதே போயிரும்.

என்ன, டவர் முழுசா இருக்கா?

எங்க, காட்டு.